சாகாமையும் காய்ப்பும்: நெல்லைச் சீமையின் எரிபொருட் பயிர்கள்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு என்றதும் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றின் இரு மருங்கிலும் விரிந்துகிடக்கும் கார், பிசான நெல்வயல்களே நினைவுக்கு வருமெனினும், உயிரி எரிபொருட் பயிர்களை வளர்த்தெடுக்கும் தொழிலில் ஈடுபட்டோரின் உழைப்பெல்லாம் அவ்வயல்கள் முடிந்து, கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம் தொடங்கும் இடத்திலேயே நிகழ்ந்தது. இக்கட்டுரையை எழுதுபவரும் அவர்களுள் ஒருவர். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என நீளும் கரிசல் ஒன்று. தென்கிழக்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பகுதிகளில் மேடிட்டுக் கிடக்கும் செம்மணல் தேரி மற்றொன்று. இவ்விரண்டும் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் பகுதிகளாயின. மலையின் மழைமறைவில் அமைந்த இந்நிலங்களுக்குத் தென்மேற்குப் பருவம் பெரும்பாலும் காற்றையே கொண்டுவருவதால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே ஆண்டு முழுமைக்குமான நீராகிறது. கரிசல் அந்நீரை இறுகப் பிடித்துவைத்துப் பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்க, தேரியோ பெய்த மழையை அடுத்த நாளே வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. வறட்சி என்ற ஒரே பெயரால் குறிக்கப்படினும், ஒரு செடி இவ்விரு நிலங்களிலும் சந்திக்கும் இடர்ப்பாடு ஒன்றல்ல என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

உயிரி எரிபொருட் பயிர் எனப்படுவது, விதையின் எண்ணெயிலிருந்து டீசலுக்கு ஈடான எரிபொருளையோ, தண்டின் சர்க்கரையிலிருந்தும் தானியத்தின் மாவுப்பொருளிலிருந்தும் எத்தனால் என்னும் சாராயத்தையோ தருகின்ற பயிராகும். எண்ணெயோடு மெத்தனாலையும் சிறிதளவு காரப்பொருளையும் சேர்த்துச் சூடாக்கினால் அதிலுள்ள கிளிசரின் பிரிந்து அடியில் தங்கிவிட, மேலே நிற்கும் மெல்லிய நீர்மமே உயிரி டீசலாகிறது. செய்முறை எளிதாயினும் விதையின் தரத்தை அது மன்னிப்பதில்லை. ஈரம் உலராமல் சாக்கில் கட்டிவைத்த விதையில் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலங்கள் தனியே பிரிந்துவிடுமாதலால், காரத்தைச் சேர்த்தவுடன் டீசலுக்குப் பதிலாகச் சோப்பு திரண்டுவிடுகிறது. களத்தில் விதையை எவ்வாறு உலர்த்தினார்கள் என்பதை ஆலையின் கொதிகலன் இவ்வாறு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்திய அளவில் இத்தொழிலுக்கு வேகம் கொடுத்தது திட்டக்குழு அமைத்த உயிரி எரிபொருள் வளர்ச்சிக் குழு 2003-இல் அளித்த அறிக்கையாகும். டீசலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாவர எண்ணெயால் ஈடுசெய்ய வேண்டுமெனில், 1 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட தரிசு நிலத்தில் காட்டாமணக்கை நட வேண்டுமென அது மதிப்பிட்டது. 2009-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அந்த 20 விழுக்காட்டு இலக்கை 2017-க்கெனக் குறித்தது. காட்டாமணக்கு தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்கள் அன்று வலுவானவையாகவே தோன்றின. ஆடு மாடு தீண்டாது. விதையில் 30 முதல் 40 விழுக்காடு எண்ணெய் உண்டு. உண்ணத்தகாத எண்ணெயாதலால் உணவோடு போட்டியிடாது. வேலியோரத்தில் யாரும் நீர் ஊற்றாமலே பல்லாண்டு உயிரோடிருக்கும். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இச்செடி போர்த்துகீசியர் வழியே ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்து, தமிழ்நாட்டு வேலிகளில் ஊர்ச்செடியாகவே ஆகிவிட்டிருந்தது. தரிசு நிலத்தின் பொற்செடி என்ற நம்பிக்கையோடு நாற்றங்கால்கள் எழுந்தன; நிறுவனங்கள் ஒப்பந்த முறையில் உழவரைச் சேர்த்தன.

மேற்கண்ட காரணங்களுள் இறுதியாகக் கூறப்பட்டதே பிற்கால இடர்ப்பாடுகள் அனைத்துக்கும் மூலமாயிற்று. காட்டாமணக்கு வறட்சியைத் தாங்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால், அது வறட்சியோடு போராடுவதில்லை, வறட்சியிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறது என்பது புலப்படும். மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதும் இலைகளை உதிர்த்துவிட்டு, நீர் தேங்கிய சதைப்பற்றான தண்டோடு அடுத்த மழைவரை அது செயலற்று நிற்கிறது. வெட்டினால் பால் வடியும் பச்சைத் தண்டே அது உயிரோடிருப்பதற்குச் சான்று. ஆனால் இலையில்லாத செடி உணவு சமைப்பதில்லை, உணவு சமைக்காத செடி விதையில் எண்ணெயைச் சேர்ப்பதுமில்லை. சாகாமல் இருக்கும் திறனும் காய்த்துக்கொண்டிருக்கும் திறனும் இருவேறு பண்புகள் என்பதும், முதலாவதைக் கண்டு இரண்டாவதை ஊகித்துக்கொள்ளக் கூடாது என்பதும் பயிர்ப்பெருக்கத் துறையின் அரிச்சுவடியாயினும், வேலிச்செடியின் பசுமையைப் பார்த்து ஹெக்டேருக்கு இத்தனை டன் எனக் கணக்கிட்ட திட்ட அறிக்கைகள் அதனைக் கருத்திற்கொள்ளவில்லை.

நாற்றங்கால் மட்டத்திலேயே அறிய வேண்டியவையும் உண்டு. விதையிலிருந்து முளைத்த காட்டாமணக்கை அலுங்காமல் தோண்டியெடுத்தால், நேரே கீழிறங்கும் ஆணிவேர் ஒன்றும் அதன் கழுத்திலிருந்து நான்கு திசைக்கும் பிரியும் பக்கவேர்கள் நான்கும் தெளிவாகத் தெரியும். கம்பு வெட்டி ஊன்றிய செடியிலோ ஆணிவேர் உருவாவதில்லை, மேல்மண்ணில் படரும் வேர்களே உள்ளன. கம்புநடவு விரைவில் பூக்குமாதலாலும், தாய்ச்செடியின் குணம் மாறாமல் வருமாதலாலும் பலர் அதனையே விரும்பினர். கரிசலில் அதனால் பெருங்கேடு விளையவில்லை. தேரி மணலிலோ ஈரம் கீழிறங்க இறங்க அதனைத் துரத்திச் செல்லும் ஆணிவேர் இல்லாத செடிகள் முதல் கோடையிலேயே தளர்ந்தன. ஆனி, ஆடியில் கணவாய்கள் வழியே வீசும் மேல்காற்று மணலை அரித்து வேரை வெளியே காட்ட, செடிகள் ஒருபுறமாகச் சாய்ந்தன. அதே மணலில் பனையும் கொல்லாவும் குடைபோல் விரிந்த உடையும் விராலியும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அவை அம்மணலுக்கேற்ற வேரமைப்பை உடையனவாக இருப்பதே.

காய்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் வரவு செலவுக் கணக்கு குலைந்த இடம் அதுவே. காட்டாமணக்கின் ஒரே பூங்கொத்தில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் கலந்திருக்க, பெண்பூ ஒன்றுக்கு ஆண்பூ 20, 30 என்ற அளவில் இருப்பதே இயல்பாதலால், கொத்து நிறையப் பூத்தாலும் காயாக மாறுவது சிலவே. அக்காய்களும் ஒருசேரப் பழுப்பதில்லை. ஒரே கிளையில் ஒரு கொத்து பச்சையாகவும், அடுத்தது மஞ்சளாகவும், அதற்கடுத்தது கறுத்து உலர்ந்ததாகவும் நிற்கும். மஞ்சள் கடந்து கருமை ஏறும் பருவத்திலேயே எண்ணெய் நிறைவாக இருக்குமாதலால், பறிப்பவர் அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பறித்த காயை உலர்த்தி, ஓட்டை உடைத்து, காய்க்கு மூன்றாக உள்ள விதைகளைப் பிரிக்க வேண்டும். நிலக்கடலை பறிப்பிலும் பருத்தி எடுப்பிலும் கைதேர்ந்த பெண்கள் ஒரு நாள் முழுதும் உழைத்துச் சேர்க்கும் காட்டாமணக்கு விதையின் விலை அவர்களது அன்றைய கூலிக்கே ஈடாகாத நிலையில், மகசூல் இன்னும் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் நிலைக்கவில்லை. பறிப்புக்கூலியைச் சேர்க்காமல் போட்ட கணக்கைக் கரிசல் உழவர் எவரும் ஏற்கமாட்டார்.

பயிர்ப்பெருக்க வல்லுநர்களின் பணி இக்குறைகளைத் தேர்வு முறையிலும் கலப்பு முறையிலும் நீக்குவதாக இருந்தது. தேர்வு என்பது, பல ஊர்ச் செடிகளின் விதைகளை ஓரிடத்தில் வளர்த்து அவற்றுள் சிறந்தவற்றைப் பிரித்தெடுப்பதாகும். சிறந்தது என்பதற்கு இடமிருக்க வேண்டுமானால் செடிகளுக்குள் வேறுபாடு இருந்தாக வேண்டும். ஆசியாவுக்கு வந்த காட்டாமணக்கோ மிகச் சில செடிகளின் வழித்தோன்றலாதலால், கோவில்பட்டி வேலியிலிருந்து கொணர்ந்ததும் வேறு மாநிலத்திலிருந்து கொணர்ந்ததும் மரபளவில் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி மண்ணாலும் நீராலும் வந்தவை. உண்மையான வேறுபாடு தாயகமான மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும்தான் உள்ளது. நச்சுத்தன்மையற்ற வகைகூட மெக்சிகோவில் காணப்படுகிறது. இத்தடையைக் கடக்க மேட்டுப்பாளையத்திலுள்ள வனக்கல்லூரியினர், பூங்காக்களில் செந்நிறப் பூவுக்காக வளர்க்கப்படும் உறவுச் செடியொன்றைக் காட்டாமணக்கோடு கலந்து, பிறந்த கலப்பினத்தை மீண்டும் காட்டாமணக்கோடே சேர்த்துப் புதிய வழிகளை உருவாக்கினர். அது மதிக்கத்தக்க பணி. ஆனால் ஒரு மரச்செடியில் தலைமுறைகள் பல கடந்து நிலையான வகையொன்று உருவாக எடுக்கும் காலத்தைத் திட்டங்கள் பொறுத்திருக்கவில்லை. வகை உருவாகுமுன்பே பரப்பளவு அறிவிக்கப்பட்டதுதான் இத்துறையின் பெருந்துயரம் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

நீர் பாய்ச்சிய இடங்களில் செடி காய்த்தது என்பதையும் மறைக்கலாகாது. சொட்டுநீரும் குப்பையுரமும் கொடுத்து, ஆண்டுதோறும் கவாத்து செய்த, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட்ட தோட்டங்களில் காய்ப்பு கூடியது. கிணற்றில் நீர் இருக்குமாயின் உழவர் ஏன் காட்டாமணக்குக்கு அதனைப் பாய்ச்ச வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதே நீரில் நிலக்கடலையோ மிளகாயோ வைத்தால் சில மாதங்களில் கையில் காசு வரும். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வும், எதிர்பார்த்ததினும் மகசூல் மிகக் குறைவு, ஆதாயமாக வரும் வாய்ப்புக்கூட நீர்வசதியையே பொறுத்தது என்ற முடிவுக்கே வந்தது. இதற்கிடையில் 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் தாக்கியதோடு காட்டாமணக்கின் குருத்துகளிலும் வெண்பஞ்சாக அப்பியது. பூச்சியும் தீண்டாது என்ற கூற்று அத்தோடு முடிந்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் கொணர்ந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் அப்பூச்சியை அடக்கியது தமிழ்நாட்டு வேளாண்மையின் பெருவெற்றிகளுள் ஒன்று. எனினும் அதற்குள் பல உழவர் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டனர்.

தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் உண்மையில் வெறுமையாகக் கிடந்ததா என்பதும் காலங்கடந்தே ஆராயப்பட்டது. கரிசல் வட்டாரத்துத் தரிசில் சீமைக்கருவேல், அதாவது ஊரார் வாய்வழக்கில் சீமை உடை, அடர்ந்து வளர்ந்திருந்தது. அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும், விறகைச் செங்கற்சூளைக்கும் ஆலைகளுக்கும் அனுப்புவதும் நிலமற்ற பல குடும்பங்களின் பிழைப்பாக இருந்தன. மூட்டம் என்பது வெட்டிய தூரையும் கட்டைகளையும் வட்டமாக அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று மிகாதபடி பல நாள் புகையவிட்டு எடுக்கும் கரிச்சூளையாகும். எந்தப் பக்கம் துளையை அடைப்பது, எப்போது மண்ணைக் கூட்டுவது என்பதைப் புகையின் நிறத்தைக் கொண்டே அறியும் தேர்ச்சி அத்தொழிலாளருக்கு உண்டு. சாத்தூர் வட்டாரத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆற்றல் கணக்கு, அதே நிலத்தில் காட்டாமணக்கு தரக்கூடியதைப் போல இரண்டரை மடங்கு முதல் பத்து மடங்கு வரை பயன்படத்தக்க ஆற்றலைச் சீமைக்கருவேல் ஏற்கெனவே தந்துகொண்டிருந்ததைக் காட்டியது. நிலத்தடி நீரையும் நாட்டு மரங்களையும் நெருக்கும் அம்மரத்தை அகற்ற வேண்டுமென மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் 2017-இல் நடந்த வழக்கு பலரும் அறிந்ததே. அதனைப் பரப்ப வேண்டுமென இங்கு எவரும் வாதிடவில்லை. ஆனால் எரிபொருட் பயிரொன்றைப் புகுத்துமுன், அந்நிலம் ஏற்கெனவே யாருக்கு என்ன எரிபொருளைத் தருகிறது என்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

குளிரைப் பற்றியும் சில கூற வேண்டும். நெல்லைச் சீமையில் உறைபனி விழுவதில்லை. மார்கழிப் பனியே இங்கு குளிரின் எல்லை. ஆயினும் இங்கு சேகரித்த விதைகள் வடக்கே சென்றன. நாடு முழுவதற்கும் ஒரே செடி என்ற திட்டத்தின்கீழ் அவை உறைபனி விழும் நிலங்களிலும் நடப்பட்டபோது குருத்தும் கிளைநுனியும் கருகின. உறைபனியும் வறட்சியும் செடிக்குள் செய்யும் கேடு ஓரளவு ஒத்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். உயிரணுக்களுக்கு இடையே நீர் பனிக்கட்டியாகும்போது உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு உயிரணு வற்றிப்போகிறது. சர்க்கரைகளையும் சில அமினோ அமிலங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடிகள் இரண்டையும் தாங்குகின்றன. இலையை உதிர்த்துத் தப்பும் காட்டாமணக்குக்கோ நீர் நிறைந்த தண்டே பகையாகிறது. ஆகவே குளிரும் வறட்சியும் சேர்ந்த நிலங்களுக்குக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கேமலினா போன்ற குறுகிய காலப் பயிர்களே பொருந்தின. பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஹல்த்வானி உயிரி ஆற்றல் ஆய்வகம் அப்பயிரை இமயமலை மாநிலமான உத்தராகண்டில் பயிரிட்டுப் பார்த்தது. எண்ணெயின் தன்மையும் இங்கு கருதத்தக்கது: தேங்காயெண்ணெய் மார்கழியில் உறைவதுபோல், நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெயிலிருந்து வந்த டீசல் குளிரில் கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். விதையின் அளவோடு எண்ணெயின் வகையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

காட்டாமணக்கின் ஆரவாரத்தில் புறக்கணிக்கப்பட்டது புங்கம். ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் சாலையோரத்திலும் நிழலுக்காக வைக்கப்பட்ட இம்மரத்தின் எண்ணெய் விளக்குக்கும், பிண்ணாக்கு வயலுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தவை. அவரைக் குடும்பத்து மரமாதலால் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே சேர்த்துக்கொள்ளும். உவர்மண்ணையும் சில நாள் நீர்த்தேக்கத்தையும், லேசான உறைபனியையும்கூடத் தாங்கும். கர்நாடகத்தின் கக்கனஹள்ளி என்னும் சிற்றூரில் 1990-களின் இறுதியில் இந்திய அறிவியல் கழகத்தினர் புங்க எண்ணெயிலேயே மின்னாக்கிகளை ஓட்டி நீர் இறைத்துக் காட்டினர். இம்மரத்தின் குறை அதன் பொறுமை: பூத்த பூ முற்றிய காயாக ஏறத்தாழ ஓராண்டு செல்லும், நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மேலும் அயல் மகரந்தத்தால் விதை பிடிக்குமாதலால், குலை குலையாகக் காய்க்கும் மரத்தின் விதையை முளைக்கவைத்தாலும் கன்றுகள் தாயைப்போல் வருவதில்லை. இதனால் நன்கு காய்க்கும் மரத்தின் இளந்தண்டை நாட்டுக் கன்றின்மீது ஆப்புவடிவில் சீவிப் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டி நிழலில் வைக்கும் இளந்தண்டு ஒட்டுமுறை கையாளப்படுகிறது. ஒட்டுக்குச்சியின் தடிப்பும் கன்றின் தடிப்பும் ஒத்திருப்பதும், இருபுறத்துப் பட்டைகளும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்துவதும் இதில் முதன்மையானவை. இரண்டாவது வாரத்தில் குச்சியின் கணுவில் பசுமொட்டு வீங்கினால் ஒட்டு பிடித்ததென்று பொருள். எந்த மரத்திலிருந்து குச்சி எடுப்பது என்பதை நல்ல மழையாண்டில் முடிவுசெய்யலாகாது, எல்லா மரமும் நன்கு காய்க்கும் ஆண்டு அது. வடகிழக்குப் பருவம் பொய்த்த ஆண்டிலும் குலைவிட்ட மரத்தைக் குறித்துவைத்துக்கொள்வதே இத்தொழிலின் சரியான வழக்கம்.

எத்தனால் பக்கம் திரும்பினால், 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆய்வு நிலையத்தின் மானாவாரி அறிவு அங்கு நேரடியாகப் பயன்படுகிறது. மழைக்கு இரண்டு வாரம் முன்பே காய்ந்த கரிசலில் விதைத்துவிடும் முன்பருவ விதைப்பும், சோளவிதையை இரண்டு விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஆறு மணி நேரம் ஊறவைத்து மீண்டும் நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தும் விதை கடினப்படுத்தலும் எரிபொருளுக்கான மானாவாரிச் சோளத்துக்கும் பொருந்துவன. சோளம் வறட்சியில் இலையைச் சுருட்டிக்கொண்டும், மெழுகுப் பூச்சால் நீரிழப்பைக் குறைத்துக்கொண்டும், ஈரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. காட்டாமணக்கின் ஒதுங்கலுக்கு நேர்மாறான இயல்பு இது. கரும்பைப்போல் சாறு நிறைந்த இனிப்புச்சோளத்துக்கு ஒரு காலத்தில் பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. வெட்டிய தண்டை ஓரிரு நாளுக்குள் ஆலையில் பிழியாவிட்டால் சர்க்கரை குறைந்துவிடுவதும், மானாவாரியில் எல்லோர் வயலும் ஒரே வாரத்தில் முதிர்வதும் அதனைத் தடுத்துவிட்டன. உலர்ந்த தானியத்துக்கு அத்தடை இல்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் சேர்க்கும் இலக்கு 2030-இலிருந்து 2025-26-க்கு முன்கொணரப்பட்டபின் மக்காச்சோளம் முதன்மை மூலப்பொருள்களுள் ஒன்றாயிற்று. எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதி உழவர் அதனை முன்பே கோழித்தீவனத்துக்காகப் பயிரிட்டு வந்தனர், 2018-இல் நாட்டுக்குள் நுழைந்த படைப்புழுவின் தாக்குதலையும் கண்டவர்கள்.

மக்காச்சோளம் சோளத்தைப்போல் பொறுத்திருப்பதில்லை. கார்த்திகையில் மழை இடைவிட்டு, உச்சியில் ஆண்பூங்கொத்து விரியும் வாரத்தில் மண் காய்ந்தால், கதிர் நுனியில் வெளிவர வேண்டிய பட்டிழைகள் பிந்திவிடுகின்றன; அவை தலைகாட்டும்போது காற்றில் மகரந்தம் தீர்ந்துபோயிருப்பதால் பொட்டல் விழுந்த கதிர்களே மிஞ்சுகின்றன. செடி பசுமையாகவும் உயரமாகவும் நிற்கும், உரித்துப் பார்த்தால் மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். எனவே கரிசலுக்கான வகையைத் தேடுவோர் பூக்கும் பருவத்தில் பாத்திகளினூடே நாள்தோறும் நடந்து, ஒவ்வொரு வரிசையிலும் மகரந்தம் உதிரத் தொடங்கிய நாளையும் பட்டிழை வெளிவந்த நாளையும் தனித்தனியே குறித்து, அவ்விடைவெளி மிகக் குறைந்த வரிசைகளின் விதையை மட்டும் அடுத்த புரட்டாசிக்கு எடுத்துவைக்கின்றனர்.